காப்பவன் யார்?

ஊரிலிருந்து உறவினர் தில்லிக்கு வந்தால் அவர்களுக்குக் காட்டுவதற்கென்று நம் வீடுகள்தோறும் ஒரு பட்டியல் உண்டு. செங்கோட்டை, குதுப்மினார், பிர்லா மந்திர், இராமகிருஷ்ணபுரத்தில் 1973-இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயில் ஆகியவை முதலிற் சேரும். நேரம் மிகுந்தால் நகரின் தெற்கே பாழ்பட்டுக் கிடக்கும் துக்ளகாபாத் கோட்டையையும் சேர்த்துக் கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்திலிருந்து வந்திருந்த என் தாய்மாமனை அங்கு அழைத்துச் சென்றேன். சரிந்த மதில்களையும், முள் மண்டிய முற்றங்களையும் சுற்றிவந்த அப்பெரியவர் ஒரு கல்லின்மேல் அமர்ந்தார். இக்கோட்டையைக் கட்டியவன் மகன்தான் உலூகான் என்று நான் சொன்னதும் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “இவனால்தான் எங்கள் பெருமாள் நாற்பத்தெட்டு வருஷம் ஊரில் இல்லாமல் இருந்தார்” என்றார். நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது அவர் குரல்.

அன்று அவர் சொன்னதும், பின்னர் நூல்களிற் படித்து நான் அறிந்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை. பிறந்த ஊரை விட்டு வாழும் நமக்கு, ஊரை விட்டு வாழ்ந்த ஒரு தெய்வத்தின் வரலாறு அயலானதன்று. மேலும், அவ்வரலாற்றின் நடுவே ஒரு வினா நிற்கிறது. இறைவன் நம்மைக் காக்கின்றானா, நாம் இறைவனைக் காக்கின்றோமா? இவ்வினாவுக்கு ஏட்டில் விடை எழுதுவது எளிது. உயிருக்கு அஞ்சி ஓடும் வழியில் விடை கண்டவர்களின் கதை இது.

கோட்டையும் கோயிலும்

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் நிலைகுலைந்திருந்தது. சோழப் பேரரசு மறைந்து ஒரு தலைமுறை கழிந்திருந்தது. பாண்டியர் குடியில் அரியணைப் பூசல் மூண்டிருந்தது. 1311-இல் மாலிக்காபூரின் படை மதுரைவரை வந்து, கோயிற் செல்வங்களை வாரிக்கொண்டு மீண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1323-இல், கியாசுத்தீன் துக்ளக்கின் மகன் உலூகான் தெற்கே படையெடுத்தான். காகதீயரின் வாரங்கல் வீழ்ந்தது. அதன் பின் அப்படையின் பார்வை மாபார் எனப்பட்ட நம் நாட்டின்மேல் விழுந்தது.

திருவரங்கத்துக் கோயிலின் வரலாற்றைத் தொகுத்துக் கூறும் கோயிலொழுகும், வைணவ குருபரம்பரை நூல்களும் அந்நாளை உருக்கத்தோடு பேசுகின்றன. படை நெருங்கிய செய்தி கேட்டபோது கோயிலார் செய்தவை மூன்று. பள்ளிகொண்ட மூலவரை எடுத்துச் செல்லல் இயலாது ஆகையால் அவர்முன் கல்லாற் சுவரெழுப்பி மறைத்தனர். தாயாரின் திருமேனியை வில்வமரத்தடியில் புதைத்தனர். உற்சவரான அழகிய மணவாளனை உபயநாச்சிமாரோடு பல்லக்கில் எழுந்தருளச் செய்து தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். ஊரில் எஞ்சியோர் பன்னீராயிரவர் மாண்டனர் என்று ஒழுகு உரைக்கும். தொகை எவ்வாறாயினும் அழிவு பெரிது என்பதில் ஐயமில்லை.

பல்லக்கோடு சென்றவர்களுக்குத் தலைவராக விளங்கியவர் முதியவராகிய பிள்ளை லோகாசாரியர். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மூத்த மகன் அவர். ஆசார்ய ஹ்ருதயம் இயற்றிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அவருடைய தம்பி. முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் முதலாய பதினெட்டு இரகசிய நூல்களை மணிப்பிரவாள நடையில் எழுதி, வடமொழி அறியாதாரும் உய்யும் வழி காட்டிய பேராசான் அவர். இறைவனே உபாயம், நம் செயல் எதுவும் உபாயமன்று என்று வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தவர், அவ்விறைவனைச் சுமந்தோரோடு தாமும் காட்டு வழியே நடந்தார். இக்காட்சியின் முரண்பாடு நம் சிந்தனைக்குரியது.

வழியில் கள்வர் மறித்துப் பெருமாளின் அணிகலன்களைப் பறித்தனர் என்றும், அதையறிந்த லோகாசாரியர் தம்மிடம் இருந்தவற்றையும் தாமே எடுத்துக் கொடுத்தார் என்றும் மரபு கூறும். மதுரைக்கு அண்மையில், ஆனைமலையின் அடிவாரத்தில், சோதிட்குடி என்னும் சிற்றூரில் சில காலம் தங்கினர். இன்று கொடிக்குளம் என வழங்கும் ஊர் அதுவே என்பர். அங்கேயே லோகாசாரியர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அரங்கன் மீண்டதை அவர் காணவில்லை. மீள்வான் என்பதற்கு ஓர் அடையாளமும் அன்று அவர் கண்முன் இருந்ததில்லை.

அவருக்குப் பின் பல்லக்கு திருமாலிருஞ்சோலை சென்றது. பின்னர் மலையாள நாட்டுக் கோழிக்கோடு, அங்கிருந்து கன்னட நாடு, மேல்கோட்டை எனப்படும் திருநாராயணபுரம் என்று பயணம் நீண்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் இராமாநுசரும் சோழ மன்னனுக்கு அஞ்சி ஊர் துறந்து பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது அத்திருநாராயணபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலுமே என்பது மரபு. ஆசிரியன் அடைக்கலம் புகுந்த ஊரில் ஆண்டவனும் அடைக்கலம் புகுந்தான். இறுதியில் திருமலை. அங்கே இன்றும் ரங்க மண்டபம் என்னும் பெயரில் ஒரு மண்டபம் உள்ளது. வேங்கடவன் இல்லத்தில் அரங்கன் விருந்தினனாய் இருந்ததன் நினைவு அது. மலைச்சரிவில் ஒளிந்து, காயும் கிழங்கும் உண்டு, திருமேனியைக் காத்துத் தம் வாழ்நாளைக் கழித்த எளிய பணியாளர்களைப் பற்றியும் ஒழுகு பேசுகிறது. அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பாடலும் இல்லை.

ஆளப் பிறந்தவன் ஆண்டதென்ன?

இனிக் கோட்டைக்கு வருவோம். கியாசுத்தீன் இதனை 1321-இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் எழுப்பினான். எவராலும் வெல்லப்படாத கோநகராக இது விளங்கவேண்டும் என்பது அவன் கருத்து. வங்காளப் போரில் வென்று மீண்ட அவனை வரவேற்க, 1325-இல், ஆப்கான்பூரில் உலூகான் ஒரு மரமண்டபம் சமைத்தான். அம்மண்டபம் சரிந்து தந்தை மாண்டான். அது விபத்தா, சதியா என்று வரலாற்றாசிரியர் இன்றும் வழக்காடுகின்றனர். உலூகான் முகமது பின் துக்ளக் என்னும் பெயரோடு அரியணை ஏறினான்.

அறிவில் அவன் குறைந்தவன் அல்லன். கணிதம், மருத்துவம், தத்துவம், பாரசீகக் கவிதை எனப் பல துறைகளில் வல்லவன் என்பதை அவனைப் பழித்தோரும் மறுத்தாரில்லை. அவனுடைய குறை வேறு. தான் நினைத்தது நினைத்தவாறே நிகழவேண்டும் என்னும் வேட்கை அது. 1327-இல் தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றினான். நாட்டின் நடுவே இருந்து வடக்கையும் தெற்கையும் ஒருங்கே பிடிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு காகிதத்தில் சரியாகவே இருந்தது. மக்கள் வழியில் மாண்டனர். சில ஆண்டுகளில் மீண்டும் தில்லிக்கே வரவேண்டியதாயிற்று. வெள்ளி நாணயத்தின் மதிப்பைச் செம்பு நாணயத்துக்கு ஆணையால் ஏற்றினான். ஊர்தோறும் கள்ள நாணயம் பெருகியது. வேறு வழியின்றிச் செம்பை வாங்கிக்கொண்டு வெள்ளி கொடுக்க நேர்ந்தது. அவ்வாறு திரும்பிவந்த செம்புக் காசுகள் துக்ளகாபாத்தில் மலைபோற் குவிந்து கிடந்தன என்று அக்கால வரலாற்றாசிரியர் பரணி எழுதியிருக்கிறார். மாமன் அமர்ந்திருந்த கல்லுக்கு அருகிலேயே அக்குவியல் கிடந்ததோ, யாரறிவார்?

எந்த மதுரையை அவன் படை வென்றதோ அம்மதுரையில் அவனே அமர்த்திய ஆளுநன் 1335-ஐ ஒட்டித் தனியரசனானான். அவனை அடக்கப் புறப்பட்ட சுல்தான் வாரங்கல்வரை வந்தான். படையில் கொள்ளைநோய் பரவியது. திரும்பிப் போனான். தெற்கே அவன் கைவிட்டு நழுவிய நாட்டில், 1336-இல் தோன்றியதாகக் கூறப்படும் விசயநகரம் வளரத் தொடங்கியது. 1351-இல், ஒரு கலகக்காரனைத் துரத்திக்கொண்டு சிந்து நதிக்கரையில் தட்டா நகருக்கு அருகே முகாமிட்டிருந்தபோது நோயுற்று இறந்தான். அவன் ஆண்டது இருபத்தாறு ஆண்டுகள். அவற்றில் அவன் வகுத்தவாறு முடிந்த பெருந்திட்டம் ஒன்றையேனும் காண்பதரிது.

இதைக் கூறுவது ஒரு சமயத்தாரைப் பழிக்க அன்று. மணிமுடி தரித்த எவனுக்கும் இந்நோய் உண்டு. இராமாநுசரை ஊர்விட்டு ஓடச் செய்தவன் வேற்றுநாட்டான் அல்லனே! திருவரங்கத்தார் தாமும் இவ்வரலாற்றைப் பகையோடு நினைவில் வைத்திலர். பெருமாள் தில்லிக்குக் கொண்டுபோகப்பட்டார் என்றும், சுல்தானின் மகள் அவர்மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்தாள் என்றும் ஒரு கதை கோயிலில் வழங்குகிறது. வரலாற்றுச் சான்று இல்லாக் கதைதான். ஆயினும் அக்கதையின் நாயகிக்குத் துலுக்க நாச்சியார் என்னும் பெயரில் கோயிலுக்குள் ஓவிய வடிவில் சந்நிதி உண்டு. அவள் பொருட்டுப் பெருமாளுக்குக் கோதுமை ரொட்டி அமுது செய்விக்கும் வழக்கமும் உண்டு. தன்னை ஊர்விட்டு ஓட்டிய நகரத்தின் உணவைத் தன் அமுதுபடியில் ஏற்றுக்கொண்ட தெய்வம் அது.

இரண்டு ஆசான்கள், ஒரே அடைக்கலம்

அதே கலக நாளில் திருவரங்கத்தில் இருந்த மற்றொரு பேரறிஞர் வேதாந்த தேசிகர். காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268-இல் பிறந்தவர் என்பது மரபு. சுருதப்பிரகாசிகை என்னும் ஸ்ரீபாஷ்ய விரிவுரையை இயற்றிய முதியவர் சுதர்சன சூரி, தாம் உயிர் பிழைப்பதரிது என உணர்ந்து, அவ்வேட்டையும் தம் மக்கள் இருவரையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். மாண்டவர் உடல்களுக்கிடையே மறைந்து கிடந்து, இரவில் அவர்களோடு தேசிகர் தப்பிச் சென்றார் என்பர். கன்னட நாட்டில் தங்கியிருந்தபோது அபீதிஸ்தவம் பாடினார். அச்சமின்மையை வேண்டும் துதி அது. அஞ்சாதவர்க்கு அத்துதி வேண்டுவதில்லை. அஞ்சினார், ஆகவே பாடினார். நம்பிக்கை என்பது அச்சம் அறியாமை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் சரணாகதி நெறியின் இருபெரும் விளக்கங்களுக்கு மூலவர்கள் ஆயினர். இராமாநுசருக்குப் பின் வளர்ந்த இவ்விரு போக்குகளையும் விளக்க மக்கள் எளிய இரண்டு உவமைகளைக் கையாண்டனர். குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். அதுபோல் உயிர் தன் பங்குக்கு ஒரு சிறு முயற்சியேனும் செய்தல் வேண்டும் என்பது தேசிகர் வழி. அம்முயற்சி அருளுக்கு விலை அன்று, வெறும் வியாசம், அதாவது ஒரு சாக்கு. பூனையின் குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாயே அதனை வாயாற் கவ்விச் செல்லும். அதுபோல் இறைவன் அருள் காரணமற்றது, அதனை விலக்காதிருத்தலே உயிர் செய்யக்கூடியது என்பது லோகாசாரியர் வழி.

மனிதனின் குறைகளைப் பற்றியும் இருவர் பார்வையில் நுட்பமான வேற்றுமை உண்டு. அடைந்தவன் குற்றத்தை இறைவன் காணாதவன்போல் இருக்கிறான் என்பர் தேசிகர் வழியினர். லோகாசாரியர் வழியினர் இன்னும் ஒருபடி மேலே செல்வர். ஈன்ற கன்றின் உடலிலுள்ள அழுக்கைப் பசு நாவால் நக்கி இன்புறுவதுபோல், அடியவன் குற்றத்தையே இறைவன் போக்கியமாகக் கொள்கிறான் என்பர். குற்றம் நன்று என்பது இதன் கருத்தன்று. குற்றம் தீர்ந்த பின் வா என்று கன்றிடம் எந்தப் பசுவும் சொல்வதில்லை என்பதே கருத்து.

வேற்றுமை இத்துணை இருப்பினும் அடிநிலம் ஒன்றே. சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் கூறுவர். இறைவன் உகப்பனவற்றைச் செய்ய உறுதி கொள்ளுதல், உகவாதனவற்றைத் தவிர்த்தல், காப்பான் என்னும் பெருநம்பிக்கை, காத்தருள வேண்டுதல், தன்னால் இயலாமையை உணர்தல் என்பன அவை. இவற்றுள் பெருநம்பிக்கையாகிய மகாவிசுவாசமே அரிது என்பர் பெரியோர். உயிரின் இயல்பு பாரதந்திரியம். தன்னை ஆள்பவன் தானே என்று எண்ணும் ஸ்வாதந்திரியம் அவ்வியல்பை மறைக்கும் திரை. மற்றக் குறைகள் எல்லாம் கிளைகள், வேர் இதுவே. துக்ளக்கின் கோட்டையில் பெருமரமாய் நின்றதும் இவ்வேரே. நம் வீட்டுக் கூடத்தில் செடியாய் நிற்பதும் இவ்வேரே.

சுமந்தவரும் சுமக்கப்பட்டவரும்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவைத் தட்டிக் கழிக்க இயலாது. இறைவனே காப்பவன் என்றால் சுவர் எழுப்புவானேன்? வில்வமரத்தடியில் புதைப்பானேன்? முதியவர் ஒருவர் காட்டு வழியில் நடப்பானேன்? எல்லாம் வல்லவன் தன் பல்லக்கைத் தானே காத்துக்கொள்ளக் கூடாதா? இவ்வினாவை நாத்திகர் மட்டும் கேட்பதாக எண்ண வேண்டா. அன்று பல்லக்கைச் சுமந்த தோள் ஒவ்வொன்றும் கேட்டிருக்கும்.

இதற்கு வைணவ ஆசிரியர் தரும் விடை வியப்பானது. பரமபதத்தில் தலைவனாய் இருப்பவன், கோயிலில் அர்ச்சையாய் எழுந்தருளும்போது தன் தலைமையைத் தானே ஒதுக்கி வைக்கிறான். நீராட்டுவோர் நீராட்டினால் உண்டு. அமுது செய்விப்போர் செய்வித்தால் உண்டு. தன்னை அடியவர்க்கு அதீனமாக்கிக் கொண்ட இந்நிலையே அவன் எளிமையின் எல்லை என்பர். எண்ணிப் பாருங்கள். ஆளும் உரிமை முற்றும் உடையவன் அதனைக் கைவிடுகிறான். அவ்வுரிமை சிறிதும் இல்லாத நாம் அதனை விடமாட்டோம் என்கிறோம்.

ஆகவே, சுமத்தல் சரணாகதிக்கு மாறானது அன்று. மாறானது எது எனில், சுமப்பதனால் முடிவும் நம் கையில் என்று எண்ணுதல். கோயிலார் தம்மால் இயன்ற ஒவ்வொன்றும் செய்தனர். சுவர் எழுப்பினர், மறைத்தனர், நடந்தனர். எப்போது மீள்வோம், எவ்வழியே மீள்வோம், நம் கண் அதைக் காணுமா என்னும் மூன்றையும் அவர்கள் விட்டுவிட்டனர். சோதிட்குடியில் லோகாசாரியரின் கடைசிக் கவலை பெருமாளின் மீட்சியைப் பற்றியதன்று என்று குருபரம்பரை கூறுகிறது. மதுரையில் அரசப் பணியில் ஆழ்ந்திருந்த திருமலையாழ்வார் என்னும் இளைஞரை நெறிப்படுத்தும்படி தம் சீடர் கூரகுலோத்தம தாசரைப் பணித்தாராம். அவ்விளைஞரே பின்னாளில் பதவியைத் துறந்து, காடு மூடிக்கிடந்த ஆழ்வார்திருநகரியைச் சீர்ப்படுத்திய திருவாய்மொழிப் பிள்ளை ஆனார். அவருடைய மாணவரே 1370-இல் பிறந்த மணவாள மாமுனிகள். கிழவர் ஒருவர் தாம் காணப் போகாத மரத்துக்கு விதை போட்டுவிட்டுக் கண்மூடினார்.

ஈரங்கொல்லியின் நாவு

ஆண்டுகள் சென்றன. விசயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் தெற்கே வந்தான். மதுரைச் சுல்தானியம் சாய்ந்தது. அவன் தேவியார் கங்காதேவி அவ்வெற்றியை மதுராவிசயம் என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். கம்பணனின் அதிகாரியாகச் செஞ்சியில் இருந்தவர் கோபணாரியர். அவர் திருமலையிலிருந்து அரங்கனைச் செஞ்சிக்குக் கொணர்ந்து சில காலம் வழிபட்டு, பின்னர்த் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். சக ஆண்டு 1293, அதாவது 1371-ஐ ஒட்டிய காலத்தைச் சுட்டும் கல்வெட்டு ஒன்று கோயிற் சுவரில் இச்செய்தியைத் தாங்கி நிற்கிறது. அதிலுள்ள வடமொழிச் சுலோகங்கள் வேதாந்த தேசிகர் வாக்கு என்று போற்றுவது மரபு.

பெருமாள் வந்துவிட்டார். ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. இடைக்காலத்தில், இனி அவர் மீளார் என்று எண்ணிய ஊரார் வேறொரு திருமேனி செய்து எழுந்தருளச் செய்திருந்தனர். இப்போது இரண்டு திருமேனிகள். எது பழையது? 48 ஆண்டுகளுக்கு முன் கண்டவர் எவரும் எஞ்சவில்லை. எஞ்சிய ஒருவர் தொண்ணூறு வயதைக் கடந்த ஈரங்கொல்லி, பெருமாளின் ஈர ஆடைகளை வெளுத்த வண்ணார். அவருக்கும் கண்பார்வை போயிருந்தது. அவர் கேட்டதெல்லாம் இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈரவாடையின் நீரைத் தமக்குத் தரவேண்டும் என்பது. ஒவ்வொன்றாகச் சுவைத்தார். இளமையில் பருகிய அந்தத் தீர்த்தத்தின் சுவையை நாவு மறக்கவில்லை. இவரே நம் பெருமாள் என்றார். அன்று முதல் அழகிய மணவாளனுக்கு நம்பெருமாள் என்னும் பெயர் நிலைத்தது.

பாஷ்யம் கற்றவர்களும், பொக்கிஷக் கணக்கு எழுதியவர்களும், வாளேந்தி வென்றவர்களும் கூடியிருந்த அவையில், கண்ணிழந்த வண்ணாரின் சொல்லே தீர்ப்பாயிற்று. காப்பதற்கு நாம் நம்பும் கருவிகள் எல்லாம் கைவிட்ட இடத்தில், எவரும் கணக்கில் வைக்காத ஒரு மனிதரைக் கருவியாக இறைவன் வைத்திருந்தான் என்பதே இக்கதையை இன்றும் சொல்வோர் காணும் பொருள்.

மற்றத் திருமேனி என்னாயிற்று? அதனை யாரும் புறந்தள்ளவில்லை. நம்பிக்கை இழந்தோர் செய்துகொண்ட மாற்று என்று இகழவும் இல்லை. திருவரங்க மாளிகையார் என்னும் பெயரோடு அத்திருமேனி இன்றும் கோயிலில் எழுந்தருளி, வேள்விச் சாலைக்குரிய சிறப்புகளை ஏற்று வருகிறது. மனிதன் அவநம்பிக்கையால் செய்ததையும் தன் பக்கத்தில் அமர்த்திக்கொண்டது அக்கருணை.

மீண்டும் பழைய நோய்

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். வரலாறு அவ்வாறு முடிவதில்லை. சரணாகதியைக் கற்பித்த இரு ஆசான்களின் வழிவந்தோர் நாளடைவில் வடகலை, தென்கலை என இரு பிரிவாயினர். கருத்து வேற்றுமை பதினெட்டு என்று கணக்கிட்டனர். நெற்றியில் இடும் திருமண்காப்பின் வடிவம் எது, கோயிலில் முதலில் ஓதவேண்டிய தனியன் எது என்பன சண்டைக்குரியவை ஆயின. காஞ்சி வரதராசர் கோயிலில் இப்பூசல் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே வெள்ளையர் ஆட்சியாளரின் முன்னும் நீதிமன்றங்களின் முன்னும் வழக்காக நின்றது. தனக்கென உரிமை ஏதுமில்லை என்று கையெடுத்துக் கும்பிடக் கற்பித்த நெறியிலேயே, கும்பிடும் உரிமை யாருக்கு முதலில் என்று வழக்கு!

இதைக் கூறிச் சிரிப்பது எளிது. ஆனால் நாம் யார் சிரிப்பதற்கு? ஒரு சங்கத்தின் செயற்குழுத் தேர்தலில் நாம் நடந்துகொள்ளும் முறையை நாமே அறிவோம். சுவரெழுப்பிப் பெருமாளைக் காத்த கையும், தனியனுக்காக மனு எழுதிய கையும் ஒரே மனிதக் கைதான். அக்கை செய்த நன்மையால் அரங்கன் நிலைக்கவும் இல்லை. அக்கை செய்த தவற்றால் அவன் நீங்கவும் இல்லை. நம் குறைகள் அவன் ஆட்சிக்குத் தடையாகும் என்று அஞ்சுவதும் ஒருவகைச் செருக்கே.

நம் பல்லக்கு

தில்லிக்கு வந்த நம் முதல் தலைமுறை ஒரு தகரப் பெட்டியும் ஒரு தேர்வு முடிவும் கொண்டு வந்தது. பணி ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்புவோம், காவிரிக்கரையில் ஒரு சிறு வீடு கட்டுவோம் என்று ஒவ்வொருவரும் நாள் குறித்திருந்தோம். பலர் திரும்பவில்லை. பிள்ளைகள் நாம் நினைத்த ஊரில் இல்லை. நாம் நினைத்த தொழிலிலும் இல்லை. என் மாமன் வந்திருந்த அந்த ஆண்டில், என் மகன் நான் ஆய்ந்து அமைத்துக் கொடுத்த வேலையை உதறிவிட்டுத் தன் விருப்பப்படி வேறோர் ஊருக்குப் போயிருந்தான். இரண்டு திங்களாக நான் அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவன் நன்மைக்காகவே சினந்தேன் என்று நம்பியிருந்தேன். கோட்டைக்குச் செல்லும் வழியில் மாமனிடம் இதைச் சொல்லி நியாயமும் கேட்டேன். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டை மதிலிலிருந்து இறங்கும்போதுதான் சொன்னார். “பெருமாளையே வழியனுப்பிவிட்டு நாற்பத்தெட்டு வருஷம் காத்திருந்த ஊரடா நம்முடையது. நீ ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு ரெண்டு மாதம் பொறுக்க மாட்டேன் என்கிறாயே.” எதிரே, ஒரு காலத்தில் நீர் சூழ்ந்திருந்த இடத்தில், கியாசுத்தீனின் கல்லறை சிவந்த கல்லில் நின்றுகொண்டிருந்தது. அதனுள்ளே இருக்கும் கல்லறைகளுள் ஒன்று மகனுடையது என்று கருதப்படுகிறது. தந்தையும் மகனும் ஒரே கூரையின் கீழ். இருவருக்கும் ஆள்வதற்கு இனி ஒன்றுமில்லை.

அன்று மாலை வீட்டில், ஊர்ப் பழக்கத்தால் இரவில் சோறன்றி வேறு உண்ணாத அப்பெரியவருக்கு என்ன சமைப்பது என்று என் மனைவி தயங்கினாள். அடுப்பில் எங்களுக்காக ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அவர் தாமே இலையின் முன் வந்து அமர்ந்தார். “எங்கள் பெருமாளே ரொட்டி அமுது செய்கிறார். எனக்கென்ன?” என்று கூறி இரண்டு வாங்கி உண்டார். உண்டு முடித்து அவர் திண்ணையில் சாய்ந்த பிறகு, நான் மேசைக்குச் சென்று என் மகனுக்கு எழுதத் தொடங்கினேன். அறிவுரை ஏதும் எழுதவில்லை. அவன் தங்கியிருக்கும் இடத்தில் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தேன்.